பாம்பு வளர்ப்பவன் சொல்லித் திருத்திய கோழிக்கூடு

கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் என் பெறாமகன், அக்காவின் மகன், பாம்பு வளர்க்கிறான். கோர்ன் ஸ்நேக் என்கிற விஷமில்லாத இனம், செம்மஞ்சள் நிறம், வளர்ந்தால் நான்கைந்து அடி வருமாம். அக்கா இன்றுவரை அந்த அறைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. "ஊரில் பாம்பைக் கண்டால் தடி தேடுவோம், இவன் காசு கொடுத்து வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கொஞ்சுகிறான்" என்று அவர் புலம்பும்போதெல்லாம் நானும் சேர்ந்து சிரித்தவள்தான். ஆனால் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் கோழிக்கூட்டைப் பாம்பு புகாதபடி திருத்தியது அவன் சொல்லித்தான். பாம்பு வெளியே போகாமல் பெட்டியை அடைப்பதும், அது உள்ளே வராமல் கூட்டை அடைப்பதும் ஒரே வேலை.

எங்களுடையது சாதாரண ஊர்க்கோழிக் கூடு. கீழே இரண்டு வரிசை சீமெந்துக் கல், அதற்கு மேல் மரச்சட்டம், சட்டத்தைச் சுற்றி அறுகோணக் கண் வைத்த கோழிவலை, தலைக்கு மேல் தகரம். பின்னால் வாழைத் தோட்டம். அதன் எல்லையில், எப்போதோ கிணறு வெட்டியபோது எடுத்துப் போட்ட சுண்ணாம்புக்கல் குவியல் இன்னும் அப்படியே கிடக்கிறது. பாம்புக்கு இதைவிட நல்ல அயல் கிடைக்காது.

அடை வைத்த முட்டைகள் குறையத் தொடங்கியபோது முதலில் கீரியைத்தான் சந்தேகித்தோம். கீரி வந்தால் உடைந்த ஓடு கிடக்கும், இறகும் சில வேளை இரத்தமும் கிடக்கும். இங்கே எதுவுமில்லை. உடும்பு பகலில் திரிகிற பிராணி. முட்டை போனதோ கூடு பூட்டியிருந்த இரவில். பிறகு ஒருநாள் விடியற்புறம் கோழிகள் கத்திய கத்தலில் டோர்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினோம். முட்டைப் பெட்டிக்குள் நாகம். படம் எடுத்து எங்களைப் பார்த்தது. வயிற்றில் இரண்டு இடம் புடைத்திருந்தது.

வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைக்க என் வீட்டுக்காரர் கைத்தொலைபேசியைத் தேடிக்கொண்டிருந்தார். நாகம் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. மூலையில் வலையைப் பற்றி ஏறி, கூரையோரத்தில் தலையை நுழைத்தது. பாதி உடல் போனதும் நின்றுவிட்டது. முட்டை இருந்த இடம் மாட்டிக்கொண்டது. மெல்லப் பின்வாங்கிக் கீழே இறங்கி, வாயைப் பிளந்து முட்டைகளை ஒவ்வொன்றாகக் கக்கியது. ஓடு உடையவேயில்லை; ஈரமாக, மண் ஒட்டிக் கிடந்தன. பிறகு அதே மூலையால் ஏறி, சிரமமேயில்லாமல் போய்விட்டது.

அது போன இடத்தை நான் ஓட்டை என்று கணக்கில் எடுத்ததே இல்லை. அலைத்தகரம் நேரான சட்டத்தின் மேல் உட்காரும்போது, ஒவ்வொரு மேட்டுக்கும் அடியில் ஒரு வளைவான இடைவெளி விழுகிறது. அந்த மூலையில் ஆணியும் கழன்று தகரம் விரலளவு தூக்கியிருந்தது.

நாகத்தை அடிப்பது எங்கள் வீட்டில் இல்லாத வழக்கம். மாமி உடனே நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு நேர்த்தி வைத்துவிட்டார். அயலவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்: உள்ளியை நசித்துப் போடு, பெருங்காயம் கரைத்துத் தெளி, மண்ணெண்ணெயைச் சுற்றிவர ஊற்று. இதையெல்லாம் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த பெறாமகன் தொலைபேசியை வாங்கினான். "மணத்தால் பாம்பை நிறுத்தலாம் என்றால் நான் பெட்டிக்குப் பூட்டு வாங்கியிருக்க மாட்டேனே, சின்னம்மா. கூட்டை வீடியோவில் காட்டுங்கள்" என்றான்.

காட்டினேன். அவன் கேட்ட கேள்விகள் என்னை வியக்க வைத்தன. கோழியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கதவின் கீழ்மூலையை அழுத்தச் சொன்னான். வலையும் சட்டமும் சேரும் இடத்தில் விரலால் தள்ளச் சொன்னான். ஒரு பென்சிலை எடுத்து எங்கெல்லாம் நுழைகிறது என்று பார்க்கச் சொன்னான். பென்சில் போகும் இடத்தால் குட்டிப்பாம்பு போகும் என்பது அவன் கணக்கு. தலை நுழைந்தால் மிச்சம் நுழையும், வயிறு நிறைந்திருந்தால் ஒழிய. அவனுடைய பாம்பு இரவானால் பெட்டியின் மூலைகளை மூக்கால் தள்ளித் தள்ளிப் பார்க்குமாம். ஒரு மூலை கொஞ்சம் இளகினால் போதும், அடுத்த நாளும் அதே மூலைக்குத்தான் வரும். விளக்குக்கான மின்கம்பியை உள்ளே விடுகிற துளையால் ஒருமுறை வெளியேறி, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் மோட்டார்ச் சூட்டில் சுருண்டு கிடந்திருக்கிறது. அக்காவுக்கு அந்தக் கதை அன்றுதான் தெரியவந்தது. அங்கே நடந்த சண்டையை எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது.

இவரிடம் பழைய மீன்வலை இருந்தது. தோட்டத்துக்கு வேலி போடுவது போல அதைக் கூட்டைச் சுற்றிக் கட்டிவிடலாம் என்றார். பெறாமகன் அதற்கு மட்டும் கடுமையாக மறுத்தான். நைலோன் கண்ணுக்குள் பாம்பு புகுந்தால் செதில்கள் பின்னோக்கி மாட்டிக்கொள்ளும். முன்னும் போகாது, பின்னும் வராது. நூல் அறுத்துச் சாகும், அல்லது காலையில் கதவு திறக்கப் போகிறவரின் காலடியில் உயிரோடு சீறிக்கொண்டிருக்கும். மீன்வலை திரும்பவும் கொட்டிலுக்குப் போயிற்று.

அவன் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது வெளிச்சப் பரிசோதனை. கோழிகளைச் சமையலறைத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட்டு, நல்ல இருட்டில் கூட்டுக்குள் விளக்கை ஏற்றி, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று சுற்றிப் பார்க்க வேண்டும். வலையை விட்டுவிட்டு மற்ற எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் குறி. கூரையோரம் முழுவதும் வரிசையாகப் பிறை பிறையாக வெளிச்சம். கதவின் கீழே ஒரு நீளக் கீறல். கழுவிய தண்ணீர் வடிவதற்குக் கல்லில் விட்ட துளை. தூணுக்கும் கல்லுக்கும் நடுவே, பகலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிளவு. பகல் முழுவதும் தேடியிருந்தாலும் இவற்றில் பாதியைத்தான் கண்டிருப்பேன்.

ஸ்ரான்லி வீதி இரும்புக்கடையில் கால் அங்குலச் சதுரக் கண் வைத்த, பற்றவைத்த கம்பி வலை வாங்கினோம். பழைய கோழிவலையின் கண் ஓர் அங்குலம். அது கோழி வெளியே போகாமல் இருப்பதற்குச் செய்தது, வேறொன்றுக்கும் உதவாது. புதியது விலை கூடத்தான். கடைக்காரர் அரை அங்குலம் போதும் என்றார். பெறாமகன் போதாது என்றான். நான் பாம்போடு குடியிருப்பவன் பக்கம் நின்றேன்.

வலையை ஆணி அடித்து நிறுத்துவதோடு விடவில்லை. இரண்டு ஆணிக்கு நடுவில் இருக்கும் துண்டைப் பாம்பு மூக்கால் நெம்பிவிடும். எனவே வலையின் ஓரம் முழுவதையும் சட்டத்தோடு வைத்து, மேலே ரீப்பை என்கிற மெல்லிய மரச்சலாகை போட்டு, திருகாணி முடுக்கினோம். வலையும் வலையும் சேரும் இடத்தில் நான்கு விரல் அகலம் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும்.

கூரைதான் எல்லாவற்றையும் விடப் பெரிய தலையிடி. சீமெந்து பூசி அடைத்துவிடலாம் என்று நினைத்தேன். வேலைக்கு வந்த மேசன் அதைக் கேட்டுச் சிரித்தார்: தகரம் வெயிலில் நீளும், இரவில் சுருங்கும், சீமெந்து வெடித்துக் கையோடு வரும். அதோடு காற்றும் போக வேண்டும். சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே அடைத்து வைத்தால் பாம்பு வராமலே கோழி செத்துவிடும். கடைசியில் வலையை முழ நீளக் கீற்றுகளாக வெட்டி, ஒரு பாதியைச் சட்டத்தில் திருகி, மறு பாதியைத் தகரத்தின் அலைக்கேற்ப விரலால் அமுக்கி வளைத்து, மேட்டுக்குள் திணித்தோம். ஒவ்வொரு அலையும் கையால் செய்ய வேண்டியது. வெட்டிய கம்பி முனைகள் ஊசியாகக் குத்தும். தோல் கையுறை இல்லாமல் தொடங்க வேண்டாம். பிறகு தூக்கியிருந்த இடங்களிலெல்லாம் தகரத்தைப் புதிய ஆணியால் இறுக்கினோம்.

கதவு சட்டத்துக்குள் அமர்வதாக இருந்தது. மாரியில் மரம் ஊதி இறுகும், கோடையில் வற்றி இடைவெளி விடும். அதைக் கழற்றிவிட்டு, சட்டத்தின் மேல் வெளிப்புறமாக இரண்டு அங்குலம் ஏறி மூடுகிற கதவாகச் செய்வித்தோம். பழைய கதவில் கொளுக்கி நடுவில் ஒன்றுதான். கீழ்மூலையைக் கையால் தள்ளினால் முட்டை போகிற அளவு திறந்தது. இப்போது மேலே ஒன்று, கீழே ஒன்று. ஆமைப்பூட்டும் போட்டிருக்கிறேன், அது பாம்புக்காக அல்ல.

தண்ணீர்த் துளைக்கு வலைத்துண்டு, தூண் பிளவுக்குச் சீமெந்து. மண் தரையில் ஓர் எலிப்பொந்து இருந்தது. நாகம் தானாகக் குழி தோண்டாது, எலி தோண்டியதால் வரும். அதனால் தரைக்கு மெல்லிய கொங்கிரீட் போட்டு மேலே உமி பரப்பினோம். தீனியை இரவில் கூட்டுக்குள் விடுவதை நிறுத்தி, மூடியுள்ள வாளிக்கு மாற்றினேன். சிந்திய தீனிக்கு எலி வருகிறது, எலிக்குப் பின்னால் பாம்பு வருகிறது.

மறுபடி விளக்கை உள்ளே வைத்துப் பார்த்தபோது இரண்டு பிறை மிச்சமிருந்தன. அவற்றையும் அடைத்த பிறகு முட்டை குறையவில்லை. கல் குவியலுக்கும் கூட்டுக்கும் நடுவே பாம்பு உரித்த செட்டை ஒன்று கிடந்ததைப் படம் எடுத்து அனுப்பினேன். பெறாமகன் அதைத் தபாலில் அனுப்ப முடியுமா என்று கேட்டான். முடியாது என்று சொல்லிவிட்டேன். கூடு அடைபட்டாலும், விடியற்புறம் டோர்ச் அடித்துப் பாராமல் முட்டைப் பெட்டிக்குள் கை விடுவதில்லை. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும் என்பதால் ஐப்பசி மழைக்கு முன் ஓரங்களை ஒருமுறை தட்டிப் பார்க்க எண்ணியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அண்ணை வந்து பார்த்துவிட்டுத் தன்னுடைய கூட்டையும் இப்படியே செய்து தரக் கேட்டார். அவருடையது பனையோலைக் கூரை. ஓலைக்குள் எந்த வலையை எங்கே திணிப்பது? முதலில் தகரம் போடுங்கள், பிறகு பார்க்கலாம் என்றேன். ஓலைதான் கோழிக்குக் குளிர்ச்சி என்று அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.