நீலப் போர்ட்டில ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் படம்

போன மாசம் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. உள்ளுக்க ரெண்டு படம். ரெண்டிலயும் நான்தான், முதுகுப் பக்கம், மஞ்சள் ஜாக்கெட், பின்னால டொப் பொக்ஸ், வலப்பக்கம் வரிசையா அசையாமல் நிக்கிற கார்கள், நான் மட்டும் வெறுமையா கிடக்கிற பஸ் லேனுக்குள்ள, பஸ்சுக்கெண்டு ஒதுக்கின கரைப் பாதைக்குள்ள, போறன். பஸ் லேனுக்க ஓடினதுக்கு தண்டம் 160 பவுண்ஸ், 14 நாளுக்குள்ள கட்டினா பாதி. 80 பவுண்ஸ் கட்டியாச்சு. எந்த கவுன்சில் (உள்ளூராட்சி சபை) எண்டு நான் இஞ்ச எழுதேல்ல, அது முக்கியமில்லை, லண்டனில மோட்டார் சைக்கிள் ஓடுற கனபேருக்கு இது நடந்திருக்கும்.

எனக்கு காசு போனது கவலைதான், ஆனா அதைவிட கூட கவலை என்னெண்டா, நான் உண்மையிலேயே அந்த லேனுக்க போகலாம் எண்டு நினைச்சுத்தான் போனனான். ஏனெண்டா நான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போற றோட்டில அது சட்டப்படி சரி. காலியர்ஸ் வுட்டில இருந்து டூட்டிங், பாலம், கிளாபம், ஸ்டொக்வெல், ஓவல் எண்டு எலிபன்ட் அன்ட் காசில் வரைக்கும் ஒரே நேர் றோட்டு, நோதேர்ன் லைன் ரெயின் நிலத்துக்குக் கீழ போற அதே வழி. அது ரெட் றூட். கரையில மஞ்சள் கோட்டுக்குப் பதிலா சிவப்புக் கோடு போட்டிருக்கும். அந்த றோட்டுகளை டிரான்ஸ்போர்ட் ஃபோர் லண்டன் எண்ட நகரப் போக்குவரத்துச் சபை பாக்குது, அவையின்ர பஸ் லேனில அநேகமான இடத்தில மோட்டார் சைக்கிள் போகலாம். ஆனா அதில இருந்து ஒரு பக்க றோட்டுக்குத் திரும்பினா அது கவுன்சிலின்ர றோட்டு. அங்க அந்தந்த கவுன்சில் என்ன சொல்லுதோ அதுதான் சட்டம். ஒரு கவுன்சில் விடும், பக்கத்து கவுன்சில் விடாது, கவுன்சில் எல்லை எங்க முடியுது எண்டு றோட்டில ஒரு கோடும் இல்லை. லண்டனில பறோ எண்டு 32 கவுன்சில் பகுதி, அதோட சிற்றி எண்ட நடுப்பகுதி வேற. வித்தியாசம் அந்த நீலப் போர்ட்டில மட்டும்தான்: பஸ் படம், சைக்கிள் படம், டாக்சி எண்ட எழுத்து, அதோட ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் படம் இருந்தா போகலாம், இல்லாட்டி போகக்கூடாது. மழையில, ஹெல்மெட் கண்ணாடியில தண்ணி வழியேக்க, முன்னுக்கு ஒரு டபுள் டெக்கர் நிண்டு போர்ட்டை மறைச்சா அந்த உள்ளங்கை அளவு படத்தை எப்பிடிப் பாக்கிறது சொல்லுங்கோ.

இது எப்பிடி வந்தது எண்டும் சொல்லவேணும். லண்டனின்ர முதல் பஸ் லேன் 1968இல வொக்ஸ்ஹோல் பாலத்தில போட்டது. அப்ப இருந்து பஸ் லேனுக்குள்ள யாரை விடுறது எண்ட சண்டை ஓயேல்ல. கறுப்பு டாக்சியை விட்டவை, மினிகப்பை (முன்கூட்டியே சொல்லி எடுக்கிற வாடகைக் காரை) விடேல்ல, அந்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போய் 2015இல கறுப்பு டாக்சிக்கு மட்டும் விடுறது பிழையில்லை எண்டு வந்தது. மோட்டார் சைக்கிளை 2009 ஜனவரியில, பொரிஸ் ஜோன்சன் மேயரா இருக்கேக்க, 18 மாசத்துக்கு எண்டு பரீட்சார்த்தமா விட்டவை. பேந்து ரெண்டாவது தரமும் பரீட்சை வைச்சு 2012 ஜனவரியில நிரந்தரமாக்கினவை. சைக்கிள் ஓடுற ஆக்களின்ர அமைப்புகள் அப்பவே கடுமையா எதிர்த்தவை. அவை சொன்னதில ஞாயம் இல்லை எண்டு நான் சொல்லமாட்டன், அதுக்குப் பேந்து வாறன்.

நான் 10 வருசத்துக்கு மேல 125 சிசி ஸ்கூட்டரில போய் வாறன், ஹொண்டா பிசிஎக்ஸ். காரில போனா ஒரு மணித்தியாலம், சில நாளில அதுக்கும் கூட, ஸ்கூட்டரில 35 நிமிசம். ஆனா பஸ் லேன் வேணும் எண்டு நான் சொல்லுறது நேரத்துக்காக இல்லை. பஸ் லேனுக்க விடாட்டி நான் எங்க போவன் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. கார் வரிசைக்குப் பின்னால அப்பிடியே நிக்கமாட்டன், ஒருத்தரும் நிக்கிறேல்ல. இஞ்ச கார்களுக்கு இடையால ஊர்ந்து போறது சட்டவிரோதம் இல்லை. அப்ப கார் வரிசைக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில இருக்கிற அந்த மூண்டடி இடத்துக்குள்ளாலதான் போவன். இடப்பக்கம் கார்க் கண்ணாடிகள், வலப்பக்கம் எதிர வாற வாகனம், எந்தக் கார் பொறுமை இழந்து திடீரெண்டு யூ டேர்ன் அடிக்கும் எண்டு தெரியாது, எந்தக் கதவு திறக்கும் எண்டு தெரியாது. ஒருக்கா ஸ்டொக்வெல்லுக்குக் கிட்ட பஸ் லேன் தோண்டிக்கிடந்த கிழமை முழுக்க அப்பிடித்தான் போனனான், வேலைக்குப் போய் இறங்கேக்க கை விரல் விறைச்சுப் போயிருக்கும், குளிரால இல்லை, பிரேக்கை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டே போனதால.

அதால மோட்டார் சைக்கிளை பஸ் லேனுக்க விடத்தான் வேணும் எண்டது என்ர கருத்து. ஆனா விட்டா மட்டும் காணாது. அது எனக்கு எப்பிடித் தெரியும் எண்டா, சில வருசத்துக்கு முந்தி ஒரு நவம்பர் பின்னேரம் நடந்ததைச் சொல்லவேணும்.

ஐஞ்சு மணி, நல்லா இருட்டிட்டுது, மழை தூறிக்கொண்டு இருந்தது. கிளாபம் சவுத் தாண்டி பாலம் பக்கம் வீட்ட வந்துகொண்டு இருக்கிறன். வலப்பக்கம் கார் வரிசை ஒண்டும் நகரேல்ல. என்ர பஸ் லேன் வெறுமை. ஸ்பீடோவில 28 மைல் இருந்திருக்கும். முன்னுக்கு ஒரு வெள்ளை வான் நிண்டது, உயரமான வான், அதுக்கு முன்னால ஒரு கார் அளவு இடைவெளி. வான்காரர் நல்ல மனுசன், எதிர்ப்பக்கத்தில இருந்து பக்க றோட்டுக்குத் திரும்ப காத்துக்கொண்டு நிண்ட காருக்கு லைட் அடிச்சு கையைக் காட்டி "நீ போ" எண்டு விட்டிருக்கிறார். எனக்கு அந்தக் கை தெரியேல்ல, வான்தான் தெரிஞ்சது. அந்தக் கார் வானுக்கு முன்னால வந்து பஸ் லேனைக் குறுக்கால வெட்டி பக்க றோட்டுக்குத் திரும்புது. நான் கண்டது ஒரு பொனட். ரெண்டு பிரேக்கையும் பிடிச்சன், முன் ரயர் ஒரு மேன்ஹோல் மூடியில ஏறி ஒரு சாண் அளவுக்கு வழுக்கினது இப்பவும் கையில தெரியுது. பிறகு ரயர் தாரைப் பிடிச்சுது. நிண்டன். காரின்ர பின் கதவுக்கும் என்ர சில்லுக்கும் இடையில ஒரு முழங்கூட இல்லை. கண்ணாடிக்குப் பின்னால பள்ளிக்கூட உடுப்போட ஒரு சின்னப் பிள்ளை, கையில கிறிஸ்ப்ஸ் பக்கற், என்னைப் பாத்தபடி.

ஓட்டின அம்மா இறங்கி வந்தவ. என்னைவிட அவவுக்குத்தான் கை கூட நடுங்கினது. "சொறி, நான் உங்களைப் பாக்கேல்ல, அவர் போகச் சொன்னவர்" எண்டு திருப்பித் திருப்பி அதையே சொன்னவ. நான் பரவாயில்லை எண்டு சொல்லி அனுப்பிப்போட்டு ஸ்கூட்டரை கரையில விட்டுட்டு கன நேரம் இருந்தன்.

சட்டப்படி நான் சரி. லேனுக்க போக எனக்கு உரிமை இருந்தது, வேகம்கூட அப்ப அந்த றோட்டுக்குச் சரி. ஆனா அந்த உரிமை அந்த மேன்ஹோல் மூடியில என்னைக் காப்பாத்தேல்ல. பஸ் லேனுக்க இருக்கிற ஆபத்து பஸ் இல்லை. பக்கத்தில கார் வரிசை நிண்டு, முன்னுக்கு வெறுமையா கிடக்கேக்க எங்களுக்கு வாற அந்த வேகம்தான் ஆபத்து. வரிசையில ஒரு இடைவெளி கண்டா அதுக்குள்ளால ஒரு கார் வருது, இல்லாட்டி ஒரு ஆள் நடந்து வருது எண்டே வைச்சுக்கொள்ளவேணும். அண்டைக்குப் பிறகு பக்கத்து வரிசை நிண்டுகொண்டு இருந்தா நான் 15க்கு மேல போறேல்ல. பின்னால வாற டெலிவரிப் பொடியங்கள் ஹோர்ன் அடிப்பாங்கள், அடிக்கட்டும்.

அந்தப் பொடியங்களைப் பற்றியும் சொல்லவேணும், ஏனெண்டா பஸ் லேன் கதை வந்தா சனம் உடனே அவங்களைத்தான் இழுக்கும். ஒரு நாள் சிபிடி எண்ட ஆரம்பப் பயிற்சி எடுத்தா எல் போர்ட்டோட 125 ஓடலாம், ரெண்டு வருசத்துக்குச் செல்லும், பிறகு திருப்பி எடுக்கலாம். அவ்வளவுதான் அவங்களுக்குக் கிடைச்ச பயிற்சி. ஒரு பார்சலுக்கு இவ்வளவு எண்டு காசு, மணித்தியாலக் கணக்கில்லை. அந்த அவசரம் அவங்களின்ர குணத்தில இல்லை, காசு குடுக்கிற முறையில இருக்கு. நான் வந்த புதுசில இரவில பீட்சா கொண்டு ஓடினவன், மழைக்குள்ள நம்பர் தெரியாமல் வீடு தேடினவன், எனக்கு அவங்களைத் திட்ட மனம் வராது. ஆனா மெதுவா போங்கோ தம்பியவை, அந்த வானுக்கு முன்னால என்ன இருக்கெண்டு உங்களுக்குத் தெரியாது.

இனி சைக்கிள்காரரின்ர ஞாயம். என்ர மகள் யூனிவேர்சிற்றிக்கு சைக்கிளில போறவள். நான் இந்தக் கடிதத்தைக் காட்டி கத்திக்கொண்டு இருக்கேக்க அவள் சொன்னாள், "அப்பா, பஸ் பின்னால வந்தா எனக்குச் சத்தத்திலயே தெரியும், அவை பொறுத்து வருவினம். மோட்டார் சைக்கிள் எண்டா தோளுக்குக் கிட்ட வந்து போனாப் பிறகுதான் தெரியும், அந்தக் காத்திலயே சைக்கிள் ஆடும்." எனக்குப் பதில் சொல்ல ஏலாமப் போச்சு. 2022இல ஹைவே கோட் எண்ட றோட்டு விதிப் புத்தகத்தை மாத்தினாப் பிறகு, 30 மைல் வரைக்குமான வேகத்தில சைக்கிளைத் தாண்டேக்க குறைஞ்சது ஒண்டரை மீற்றர் விடச் சொல்லி இருக்கு. ஆரால மற்றவைக்குக் கூடின சேதம் வருமோ அவைக்குத்தான் பொறுப்பும் கூட எண்டும் அதில இருக்கு: பாதுகாப்பில நடக்கிற ஆக்கள் முதல், பிறகு சைக்கிள், குதிரையில போறவை, அதுக்குப் பிறகுதான் நாங்கள். மூண்டு மீற்றர் அகலமான பஸ் லேனுக்க ஒரு சைக்கிள் கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனா, ஒண்டரை மீற்றரும் விட்டு நான் எப்பிடித் தாண்டுறது? ஏலாது. பக்கத்து லேனில இடமிருந்தா அதுக்குள்ள போய்த் தாண்டவேணும், இல்லாட்டி பின்னால போகவேணும். நாலு மீற்றரும் அதுக்கு மேலயும் எண்டா பிரச்சினை குறையும்.

பஸ் ஓடுற ஆள் என்ன சொல்லுறார் எண்டும் கேட்டன். மனிசியின்ர தமையன் டூட்டிங் பக்கம் பஸ் ஓடுறவர், கன வருச சேர்விஸ். "மச்சான், மோட்டார் சைக்கிள் எனக்கு முன்னால போனா ஒரு கரைச்சலும் இல்லை, உங்கட ஆக்கள் என்னைவிடக் கெதியா போயிடுவினம். ஸ்ரொப்பில நிண்டு சனத்தை இறக்கி ஏத்தி நான் இண்டிகேற்றர் போட்டு வெளிக்கிட, அந்தக் கணத்தில வலப்பக்கத்தால வெட்டிக்கொண்டு வருவியள் பார், அதுதான் எனக்கு நெஞ்சு திக்கெண்டுறது" எண்டவர். அது உண்மை. பஸ் இண்டிகேற்றர் போட்டா விடச்சொல்லி ஹைவே கோட்டிலயும் இருக்கு, ரெண்டு செக்கன்தான் போகும்.

இதெல்லாம் யோசிச்சுப் பாக்க எனக்குப் படுறது, எந்த றோட்டு ஆற்ற எண்டதை வைச்சு முடிவெடுக்கிற முறைதான் பிழை. அகலத்தை வைச்சு முடிவெடுக்கட்டும். அகலமான லேன் எண்டா லண்டன் முழுக்க, ஏன் இங்கிலாந்து முழுக்க, மோட்டார் சைக்கிளை விடவேணும். ஒடுக்கமான லேன், சைக்கிள் கனக்கப் போற லேன், எதிர்த்திசையில பஸ் மட்டும் வாற லேன், அதுகளில விடக்கூடாது, அதுக்கு நான் சண்டை பிடிக்கமாட்டன். 2024 மார்ச்சில அரசாங்கம் இங்கிலாந்தில எல்லா பஸ் லேனிலயும் மோட்டார் சைக்கிளை வழமையா விடலாமோ எண்டு பொதுமக்களிட்ட கருத்துக் கேட்டது. யூலையில தேர்தல் வந்து ஆட்சி மாறீற்றுது. எனக்கு அந்த "எல்லா" எண்ட சொல்லில உடன்பாடு இல்லை, மகள் சொன்னதைக் கேட்டாப் பிறகு இன்னும் இல்லை. ஆனா இப்ப இருக்கிற மாதிரி ஒரு சந்தியில உரிமை, அடுத்த சந்தியில 160 பவுண்ஸ் எண்டு இருக்கிறதும் ஒருத்தரையும் காப்பாத்தேல்ல. போர்ட்டைத் தேடிக்கொண்டு மேல பாக்கிற அந்த ஒரு செக்கனில நான் றோட்டைப் பாக்கேல்ல, அதுதான் எனக்குப் பயம்.

போர்ட்டில மட்டும் படம் போடாமல் நிலத்திலயும் போடச்சொல்லி அந்த கவுன்சிலுக்கு எழுதியிருக்கிறன். பஸ் லேன் எண்டு வெள்ளையில பெருசா எழுதுறவைதானே, அதுக்குப் பக்கத்தில ஒரு மோட்டார் சைக்கிள் படம், விடாத இடத்தில அதே படத்துக்குக் குறுக்கால ஒரு கோடு. அதோட பக்க றோட்டு வாற இடத்தில, வரிசையில நிக்கிற கார்க்காரருக்குத் தெரியிற மாதிரி ஒரு எச்சரிக்கை. நல்ல மனசில ஒருத்தரை "நீ போ" எண்டு விடேக்க, பஸ் லேனுக்க என்ன வருது எண்டு ஒருக்கா இடக் கண்ணாடியைப் பாக்கச்சொல்லி. அந்த வான்காரர் அதைப் பாத்திருந்தா என்ர லைட் அவருக்குத் தெரிஞ்சிருக்கும்.

நேற்று விடிய ஓவலுக்குக் கிட்ட பஸ் லேனுக்க ஒரு பெட்டை சைக்கிளில போனவள், முதுகில பெரிய பை, மேட்டில மூச்சு வாங்கிக்கொண்டு மிதிச்சாள். வலப்பக்கம் கார்கள் இறுக்கமா நிண்டது, தாண்ட இடமில்லை. அடுத்த சிக்னல் வரைக்கும் அவளுக்குப் பின்னால ஒரு பஸ் நீளம் விட்டு, எஞ்சின் சத்தம் அவளை நெருக்காத மாதிரி மெதுவா போனன். சிக்னலில திரும்பிப் பாத்து தலையாட்டினவள். வேலைக்கு மூண்டு நிமிசம் பிந்திப் போனன்.