கம்பி இரண்டரை மீட்டர், அலைச்சல் அதைவிட நீளம்

எங்கள் மில்லில் கழிவுப் பஞ்சு கட்டும் பேலிங் பிரஸ்ஸில் டிரா வயர் சென்சாரின் கம்பி அறுந்துபோனது. பஞ்சை அமுக்கும் ரேம் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று, பிரஸ்ஸை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டரான பி.எல்.சி.க்குச் சொல்வது அந்த ஒரு கம்பிதான். அது போனதும் பிரஸ் ஆட்டோவில் ஓடாது. கம்பியின் விலை ஒரு பிரியாணிக்குள் அடங்கிவிடும். அதை மாற்றி முடிப்பதற்குள் பட்ட பாட்டை எழுதி வைக்கிறேன். பல்லடம், சோமனூர் பக்கம் இதே மாதிரி பிரஸ் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், யாருக்காவது உதவும்.

சென்சார் 1500 மி.மீ. வரை அளப்பது. நடுவில் பள்ளம் வெட்டிய டிரம், அதில் சுற்றிய ஸ்டெயின்லெஸ் கம்பி, ஒரு பக்கம் டப்பாவுக்குள் அடைத்த சுருள் ஸ்பிரிங், மறுபக்கம் பத்துச் சுற்று பாட் (திருப்பத் திருப்ப மின்தடை மாறும் பொட்டென்ஷியோமீட்டர்), வெளியே 4–20 மில்லி ஆம்பியர் சிக்னல். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் ஜெனரேட்டரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு உள்ளே இருக்கும் கதை தெரிந்ததுதான்.

சென்சாரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு விற்ற இடத்துக்கே போனேன். முன்னால் உட்கார்ந்திருந்தவர் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "கம்பி தனியா வராதுங்ணா, முழு செட்டாத்தான் வாங்கோணும்" என்றார். சரி, விலையாவது சொல்லுங்கள் என்றால் சீரியல் நம்பர் கேட்டார். பிரஸ்ஸுக்குப் பெயின்ட் அடித்த புண்ணியவான்கள் சென்சாரின் லேபிளையும் சேர்த்து அடித்திருந்தார்கள். நம்பர் இல்லையென்றால் பழைய இன்வாய்ஸ் வேண்டுமாம், கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதமும் வேண்டுமாம். விவரம் தெரிந்த டெக்னிக்கல் ஆள் சைட்டில் இருக்கிறார், திங்கட்கிழமை வந்தால் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். அங்கே போகிறவர்கள் தின்னர் தொட்ட துணியால் லேபிளைத் துடைத்து, படம் எடுத்துக்கொண்டு போங்கள். எனக்கு நம்பர் கிடைத்தது மில்லுக்குத் திரும்பி அதைச் செய்தபிறகுதான். அதை ஃபோனில் சொன்னேன். புது சென்சார் இறக்குமதியாகி வர வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். ஸ்பிரிங்குக்கு எத்தனை சுற்று முன்முறுக்கு கொடுக்க வேண்டும் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ஃபேக்டரி செட்டிங்" என்று வைத்துவிட்டார்கள். எங்கள் ஸ்டோரில் பிரஸ்ஸின் மேனுவல் இருந்தது. சென்சார் பகுதி மட்டும் இல்லை.

இந்த முன்முறுக்குதான் மொத்த வேலையும். கம்பி முழுதும் உள்ளே இருக்கும்போதும் ஸ்பிரிங் சில சுற்று முறுக்கோடுதான் இருக்கும். கம்பி நுனியில் உள்ள குண்டு, கம்பி வெளிவரும் வாயில் இருக்கும் புஷ்ஷில் முட்டி அந்த முறுக்கைத் தாங்கிக்கொண்டிருக்கும். கம்பி அறுந்தால் மிச்சத் துண்டு சட்டென்று உள்ளே போய்விடும், தடுக்கக் குண்டு கிடையாது. டிரம் வேகமாகத் திரும்பி முறுக்கு மொத்தமும் அவிழும். போகிற போக்கில் பாட்டையும் அதன் கடைசி முனையில் கொண்டுபோய் இடிக்கும். எங்கள் பாட் பிழைத்தது, டிரம்மையும் பாட்டையும் இணைக்கும் கப்ளிங்கின் கிரப் ஸ்க்ரூ வழுக்கியதால்தான். மல்டிமீட்டர் வைத்து மெதுவாகத் திருப்பிப் பார்த்தேன், 0 முதல் 10 கிலோ ஓம் வரை எங்கும் துள்ளாமல் ஏறியது. இதைப் பார்க்காமல் கம்பிக்கு அலையாதீர்கள். பாட் போயிருந்தால் கணக்கே வேறு.

இன்னொரு எச்சரிக்கை. முறுக்கு அவிழ்ந்துவிட்டது, இனி பயமில்லை என்று ஸ்பிரிங் டப்பாவைத் திறக்க வேண்டாம். டிரம்மைத் திருப்பும் முறுக்கு போயிருக்கலாம். ஆனால் பட்டை ஸ்பிரிங் அந்தச் சின்ன டப்பாவுக்குள் அமுக்கித்தான் அடைக்கப்பட்டிருக்கிறது. மூடியைத் தூக்கினால் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும் பட்டை மீட்டர் கணக்கில் வெளியே பாயும். எங்கள் ஃபிட்டர் ஒருவர் "உள்ள கொஞ்சம் ஆயில் விடலாமே" என்று ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டேன்.

கம்பி தேடிக் கோவை டவுன்ஹால் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் ஏறி இறங்கினேன். அதற்கு முன், டிரம்மில் கசங்காமல் ஒட்டிக்கொண்டிருந்த பழைய துண்டை டிஜிட்டல் வெர்னியரில் பார்த்தேன், 0.6 மி.மீ. பிரித்தால் ஏழு புரி, ஒவ்வொரு புரியிலும் ஏழு இழை. இதைத்தான் 7×7 என்பார்கள். கடைக்காரர்கள் காட்டியது சைக்கிள் பிரேக் கம்பி, பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி, அப்புறம் 0.8 மி.மீ. கம்பி ஒன்று. "0.2 மி.மீ.ல என்னங்ணா வந்துரப் போகுது, தடிமனாப் போட்டா நல்லா உழைக்கும்" என்று ஒருவர் அந்த 0.8-ஐத் தலையில் கட்டப் பார்த்தார்.

வரும். கம்பி டிரம்மில் சுற்றும்போது அளவைத் தீர்மானிப்பது டிரம்மின் விட்டத்தோடு கம்பியின் விட்டமும் சேர்ந்ததுதான். எங்கள் சென்சாரில் ஒரு சுற்றுக்கு 200 மி.மீ. கம்பி 0.2 மி.மீ. தடித்தால் சுற்றளவு கிட்டத்தட்ட 0.63 மி.மீ. கூடும், அதாவது 0.3 சதவீதத்துக்குச் சற்று மேல். முழு 1500 மி.மீ.க்கு அது 4.7 மி.மீ. சென்சார் குறைத்துக் காட்டும், ரேம் சொன்ன இடத்தைத் தாண்டிப்போய் நிற்கும். ஜீரோவை மட்டும் சரிசெய்தால் மேலே எல்லாம் சரியாகத் தெரியும், கீழே போகப் போக விலகும். பள்ளத்தில் உட்காராமல் கம்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது தனித் தலைவலி. பிரேக் கம்பி இதற்கெல்லாம் மேல். அந்த விறைப்புக்குச் சின்ன டிரம்மில் வளைந்தே கொடுக்காது.

கடைசியில் சரியான 0.6 மி.மீ. 7×7, 316 தர ஸ்டெயின்லெஸ் கம்பி, வயர் ரோப் மட்டுமே விற்கும் ஒருவரிடம் கிடைத்தது. துண்டாகத் தரமாட்டேன், சுருளாகத்தான் என்றார். வாங்கிவிட்டேன். அதோடு அமுக்கிப் பிடிக்கும் செம்பு ஸ்லீவும் கேட்டு வாங்குங்கள். பிளையரால் நசுக்கிய ஸ்லீவ் ஒரு நாள் உருவிக்கொள்ளும், அதற்கென்று உள்ள கிரிம்பிங் கருவியைக் கடனாவது வாங்குங்கள்.

முன்முறுக்கு எத்தனை சுற்று என்ற கேள்வி அப்படியே நின்றது. விடை எங்கள் ஷெட்டிலேயே இருந்தது. பக்கத்துப் பிரஸ்ஸில் அதே சென்சார். அதை நிறுத்த சூப்பர்வைசர் ஒத்துக்கொள்ளவில்லை, லோடு நிற்கிறது என்றார். சாப்பாட்டு நேரத்தில் ரேம் மேலே நிற்கும்போது பவரைப் பூட்டிவிட்டுப் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். சின்ன ஸ்பிரிங் தராசைக் கம்பி நுனியில் மாட்டி இழுத்தால், குண்டு புஷ்ஷை விட்டு எழும்பும் கணத்தில் 650 கிராம் காட்டியது. அவ்வளவுதான் வேண்டியது. நம் சென்சாரிலும் அதே 650 கிராம் வரும் வரை முறுக்கினால் போதும். ஃபேக்டரி செட்டிங்காம்!

ஏறுவதற்கு முன் பிரஸ்ஸை நிறுத்தியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: ரேமை அடிவரை இறக்கி உட்காரவைத்தோம், மெயின் ஐசொலேட்டருக்குப் பூட்டும் டேக்கும் போட்டு சாவி என் சட்டைப் பையில், பிரஷர் கேஜ் பூஜ்யம். கம்பி வேலைக்குக் கண்ணாடி கட்டாயம். உருவி ஓடும் 0.6 மி.மீ. கம்பி கண்ணையும் விடாது, விரலையும் விடாது. இழுக்கும்போது விரலில் சுற்றிப் பிடிக்கவே கூடாது.

மேஜையில் வேலை இந்த வரிசையில் போனது. முதலில் பாட்டின் கப்ளிங்கைத் தளர்த்திப் பிரித்தேன். இதை மறந்து டிரம்மைத் திருப்பினால் பாட் பத்தாவது சுற்றில் உடையும். பிறகு டிரம்மில் ஒட்டியிருந்த பஞ்சை பிரஷ்ஷால் எடுத்தேன். கம்ப்ரஸர் காற்று அடித்தால் பஞ்சு ஸ்பிரிங் பக்கம் போய் உட்காரும். சுத்தம் செய்யும்போதுதான் டிரம் விளிம்பில் ஒரு சின்னத் துளையும், அதற்கு நேராக உடலில் ஒரு துளையும் கண்ணில் பட்டன. 3 மி.மீ. அலன் கீ இரண்டிலும் கச்சிதமாக நுழைந்தது. டிரம்மைப் பூட்டுவதற்கென்றே வைத்தது. இது எந்தத் தாளிலும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. உங்கள் சென்சாரிலும் தேடிப் பாருங்கள், வேலையின் ஆபத்தில் பாதி அங்கேயே போய்விடும்.

ஸ்பிரிங்கின் கொள்ளளவு தெரிந்துகொள்ள, டிரம்மைக் கம்பி வெளிவரும் திசையில் கையால் மெதுவாகத் திருப்பி எண்ணினேன். பதினான்காவது சுற்றில் கெட்டிப்பட ஆரம்பித்தது. அதற்கு மேல் ஒரு நூல்கூடத் தள்ளாமல், பிடி விடாமல் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். தம்பி ஒருவன் உடலைப் பிடித்துக்கொள்ள, நான் டிரம்மைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேர் வேலை இது. முழு ஓட்டத்துக்கு ஏழரைச் சுற்று. முன்முறுக்கு நான்கு என்று வைத்தால் பதினொன்றரை, இரண்டரைச் சுற்று கையில் மிச்சம். நான்கு சுற்று முறுக்கி அலன் கீயைச் செருகிப் பூட்டினேன்.

பெரும்பாலானவர்கள் கம்பியை மாட்டிவிட்டு ஸ்பிரிங்கை முழுதாக முறுக்கி, அதுவே கம்பியை உள்ளே இழுத்துச் சுற்றட்டும் என்று விடுவார்கள். ஒரு கை வழுக்கினால் முடிந்தது. டிரம் பூட்டியிருக்கும்போதே கம்பியைக் கையால் சுற்றுவது மெதுவான வேலை, ஆனால் ஸ்பிரிங் நான்கு சுற்றுக்கு மேல் போகவே போகாது. கம்பியின் வெட்டு நுனி பிரியாமலிருக்க, வெட்டுவதற்கு முன்பே அந்த இடத்தில் ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டு, காய்ந்தபின் கூர்மையான வயர் கட்டரால் வெட்டினேன். டிரம் துளையில் ஸ்லீவோடு மாட்டி, பள்ளத்துக்கு ஒரு சுற்றாக ஒன்பது சுற்று. ஏழரை வேலைக்கு, ஒன்றரை எப்போதும் டிரம்மிலேயே தங்குவதற்கு. அந்த ஒன்றரை இல்லையென்றால் முழு இழுப்பில் பாரமெல்லாம் ஸ்லீவின் மேல் விழும். ஸ்டெயின்லெஸ் கம்பி துள்ளிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் ஒரு துண்டு டேப் ஒட்டினால் அடங்கும். நுனியைப் புஷ் வழியாக வெளியே எடுத்து, குண்டும் வளையமும் கிரிம்ப் செய்தபிறகு, வளையத்தில் ஒரு பெரிய வாஷரை நைலான் கயிற்றால் கட்டினேன். கை தவறினாலும் அது புஷ்ஷைத் தாண்டாது. டேப்புகளை எடுத்தபின்தான் அலன் கீயை உருவினேன். தராசு 640 காட்டியது. போதும்.

பாட்டை 1.25 கிலோ ஓம் காட்டும் இடத்தில் வைத்துக் கப்ளிங்கை இறுக்கினேன். பத்துச் சுற்றில் ஏழரை போக, இரண்டு பக்கமும் ஒன்றேகால் சுற்று காலி.

பிரஸ்ஸில் மாட்டும்போதுதான் கம்பி ஏன் அறுந்தது என்பது புரிந்தது. முன்பு ரேமில் வெல்டிங் செய்தவர்கள் கம்பி மாட்டும் பிராக்கெட்டை 15 மி.மீ. தள்ளி ஒட்டியிருந்தார்கள். ரேம் கீழே இருக்கும்போது பார்த்தால் கம்பி நேராகத்தான் தெரியும், ஒன்றரை மீட்டர் நீளத்தில் 15 மி.மீ. கண்ணுக்குப் படாது. ரேம் மேலே வந்து சென்சாருக்கும் பிராக்கெட்டுக்கும் 100 மி.மீ. மட்டும் மிச்சமிருக்கும்போது அதே 15 மி.மீ. எட்டு டிகிரிக்கு மேல் சாய்வு. ஒவ்வொரு பேலுக்கும் கம்பி புஷ்ஷின் ஓரத்தில் உரசி, இழை இழையாகப் போயிருக்கிறது. புஷ்ஷில் ஒரு பக்கம் வாய்க்கால் மாதிரி தேய்ந்திருந்தது. புஷ்ஷைத் திருப்பிப் போட்டு, பிராக்கெட்டை வெட்டி நேராக ஒட்டவைத்தேன். ஒட்டும்போது சென்சார் கனெக்டரைப் பிரித்து வைத்திருந்தேன். கம்பி நேராக இருக்கிறதா என்பதை ரேம் மேலே இருக்கும்போது பாருங்கள்.

பாட்டின் அளவை மில்லி ஆம்பியராக மாற்றும் டிரான்ஸ்மிட்டரில் ஜீரோ (தொடக்கம்), ஸ்பேன் (முழு அளவு) இரண்டையும் திருப்பிச் சரிசெய்து, இன்ச்சிங்கில் கொஞ்சம் கொஞ்சமாக ரேமை இறக்கி ஸ்டீல் டேப்போடு ஒப்பிட்டேன். 500 மி.மீ.யில் 9.33, 1000-இல் 14.67, முழு இழுப்பில் 20 மில்லி ஆம்பியர். நடுவில் இரண்டு இடமாவது பாருங்கள், இரண்டு முனை மட்டும் சரியாக இருந்தால் கம்பி ஏறிச் சுற்றியிருப்பது தெரியாது.

மிச்சக் கம்பிச் சுருளை ஸ்டோரில் சேர்க்கப் போனால், இதற்கு ஐட்டம் கோடு இல்லை, உள்ளே எடுக்க முடியாது என்றார்கள். என் டூல் பாக்ஸில் இருக்கிறது. கம்பியை வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆயில், கிரீஸ் வேண்டாம், பஞ்சு ஒட்டி டிரம்முக்குள் போகும் என்று பேனல் கதவில் எழுதியும் ஒட்டினேன். நைட் ஷிப்டில் யாரோ அதற்குப் பக்கத்திலேயே கிரீஸ் டப்பாவை வைத்துவிட்டுப் போகிறார்கள், யார் என்று இன்னும் பிடிபடவில்லை.