என்.எஃப்.எஸ் படிப்பவர்களுக்கு: மவுண்ட் ஆன பிறகுதான் பாடம் ஆரம்பம்

ரெட் ஹாட் லினக்ஸ் நிர்வாகிகளுக்கான ஆர்.எச்.சி.எஸ்.ஏ தேர்வுக்குப் படிக்கிற பலர், ஒரு சர்வரின் ஃபைல்களை நெட்வொர்க் வழியே மற்ற கணினிகளில் பயன்படுத்த உதவும் என்.எஃப்.எஸ் பாடத்தை, மவுண்ட் ஆனதோடு (அதாவது சர்வரின் டைரக்டரியைத் தங்கள் கணினியில் இணைத்ததோடு) மூடி வைத்துவிடுகிறார்கள். தானாக மவுண்ட் ஆக வேண்டியவற்றைப் பட்டியலிடும் எஃப்எஸ்டாப் ஃபைலில் ஒரு வரி, ரீபூட் செய்தாலும் நிற்கிறதா என்று ஒரு பார்வை, அவ்வளவுதான். ஆனால் வேலையில் சேர்ந்ததும் வந்து நிற்கிற புகார் வேறு: "அந்த சர்வர்ல ஃபைலை மாத்தியாச்சு, இங்க இன்னும் பழசுதான் தெரியுது." இதை நான் எப்படிப் படித்தேன் என்று சொல்கிறேன்.

முதலில் இரண்டு நோய்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். எர்ரர் எதுவும் வராமல் பழைய தகவல் தெரிந்தால், அது கிளையன்ட் (சர்வரின் ஃபைல்களைப் பயன்படுத்தும் கணினி) தன் நினைவில் வைத்திருக்கும் பழைய நகல், அதாவது கேஷ். கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகும். "ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்" என்று எர்ரர் வந்தால், நீங்கள் திறந்து வைத்திருந்த ஃபைலையோ டைரக்டரியையோ வேறொருவர் அழித்திருப்பார், அல்லது எக்ஸ்போர்ட்டே, அதாவது சர்வர் பகிர்ந்து தரும் டைரக்டரியே, மாறியிருக்கும். இதில் காத்திருந்து பயனில்லை. அந்த புரோகிராமை நிறுத்தி ஃபைலைப் புதிதாகத் திறக்க வேண்டும். எக்ஸ்போர்ட் மாறியிருந்தால் அன்மவுண்ட் செய்து மறுபடி மவுண்ட் செய்ய வேண்டும்.

அப்புறம் ஒரு சர்வர், இரண்டு கிளையன்ட் என்று மூன்று விஎம் (ஒரே கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) போட்டுச் செய்து பாருங்கள். படித்ததைவிட இதில்தான் எனக்கு விளங்கியது. இரண்டாவது கிளையன்டில், மவுண்ட் செய்த டைரக்டரியில் இல்லாத ஒரு ஃபைலுக்கு ஸ்டாட் (ஃபைலின் விவரம் காட்டும் கட்டளை) கொடுங்கள். இல்லை என்று சொல்லும். உடனே முதல் கிளையன்டில் டச் செய்து அதே ஃபைலை உருவாக்குங்கள். இரண்டாவதில் திரும்ப ஸ்டாட் கொடுத்தால் இன்னமும் இல்லை என்றே சொல்லும்! டைரக்டரியின் விவரங்களை லினக்ஸ் கிளையன்ட் இயல்பாக 30 முதல் 60 விநாடி வரை நம்பிக்கொண்டிருக்கும். சாதாரண ஃபைலுக்கு 3 முதல் 60 விநாடி. அந்த டைரக்டரியில் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையைப் போட்டால் பெரும்பாலும் ஃபைல் உடனே தெரிந்துவிடும்.

அடுத்து, முதல் கிளையன்டில் விநாடிக்கு ஒருமுறை தேதியையும் நேரத்தையும் ஒரு லாக் ஃபைலில் சேர்த்துக்கொண்டே இருங்கள். இரண்டாவதில், புது வரிகள் வர வரக் காட்டும் டெயில் -எஃப் ஓடட்டும். வரிகள் ஒவ்வொன்றாக வராது; மூன்று நான்காகச் சேர்ந்து வந்து விழும். அதே லாகை கேட் கட்டளையால் புதிதாகத் திறந்து படித்தால் கடைசி வரி வரை வரும். ஏனென்றால் ஒவ்வொரு முறை ஃபைலைத் திறக்கும்போதும் கிளையன்ட் சர்வரிடம் கேட்டு உறுதி செய்துகொள்கிறது. மூடும்போது எழுதியதையெல்லாம் சர்வருக்குத் தள்ளிவிடுகிறது. என்.எஃப்.எஸ் தருகிற உத்தரவாதம் இவ்வளவுதான். எனவே புகார் வந்தால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எழுதிய புரோகிராம் ஃபைலை மூடியதா, படிக்கிற புரோகிராம் புதிதாகத் திறந்ததா?

எடுத்த எடுப்பில், ஃபைல் விவரங்களை கேஷ் செய்யாதே என்று சொல்லும் நோஏசி மவுண்ட் ஆப்ஷனைப் போடாதீர்கள். சின்னச் சின்ன விசாரிப்புக்கும் சர்வருக்கு ஓட வேண்டியிருக்கும், எழுதுவதும் சின்க் ஆகிவிடும் (ஒவ்வொரு எழுத்தும் சர்வரைச் சேரும் வரை காத்திருக்கும்), வேகம் படுத்துவிடும். புது ஃபைல் தெரியவில்லை என்பது மட்டும்தான் தொல்லை என்றால் லுக்கப்கேஷ் ஆப்ஷனை பாசிட்டிவ் என்று வைத்தாலே போதும்; 'இல்லை' என்ற பதிலை கிளையன்ட் நினைவில் நம்பாது.

இந்த ஆப்ஷன்களை மாற்றும்போது ரீமவுண்டை (அன்மவுண்ட் செய்யாமலே ஆப்ஷனை மாற்றுவதை) நம்ப வேண்டாம். அன்மவுண்ட் செய்து மறுபடி மவுண்ட் செய்யுங்கள். பிறகு மவுண்ட் ஆப்ஷன்களைக் காட்டும் என்எஃப்எஸ்ஸ்டாட் -எம் கட்டளையைக் கொடுத்து, நீங்கள் போட்டது உண்மையிலேயே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.