ஆயாவுக்கு எந்தக் கோடு? – டெல்லி நாட்குறிப்பு

ஆகஸ்ட் 11, 2025

வகுப்பில் இன்று குழந்தை வளர்ச்சி உளவியலாளர் பிரான்ஃபென்பிரென்னர். குழந்தையைத் தனியாக எடுத்து ஆராயாதே, அதைச் சுற்றியிருப்பவற்றோடு சேர்த்துப் பார் என்று 1979-லேயே புத்தகமாக எழுதிவிட்ட மனிதர். குழந்தை கால் வைக்காத இடம்கூட, அம்மாவின் வேலையிடம் மாதிரி, அதன் வளர்ச்சியைத் தொடும் என்கிறார். தேர்வுக்கு, குழந்தையைச் சுற்றி அவர் சொல்லும் சூழல் அடுக்குகளை நாலு வட்டமாகப் போட்டால் மார்க் வந்துவிடும். கேன்டீன் சமோசா வழக்கம்போல ஆறல்.

ஆகஸ்ட் 23

களப்பணி, டெல்லியின் வடக்கு ஓரத்தில் இருக்கிற நரேலா. சமய்பூர் பாத்லி வரை மெட்ரோ, அப்புறம் ஷேர் ஆட்டோ. ஜூன் 1 அன்று தெற்கு டெல்லி ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பை இடித்தார்கள் அல்லவா, அங்கிருந்த 370 வீடுகளில் 189-க்குத்தான் இங்கே மாற்று வீடு என்று முடிவானது. அதில் ஒன்றில் உட்கார்ந்து சூழல் வரைபடம் போட்டோம். நடுவில் குடும்பம், சுற்றிலும் உறவு, பள்ளி, மருத்துவமனை என்று வட்டங்கள். நெருக்கமான ஆதரவுக்குத் தடித்த கோடு, நைந்ததற்குப் புள்ளிக்கோடு.

அந்த வீட்டு அக்கா என் பேனாவை வாங்கி, முதலில் பழைய கேம்ப்பில் எதிர்வீட்டில் இருந்த ஆயாவுக்குத் தடியாக ஒரு கோடு இழுத்தார். "நாங்க வேலைக்குப் போனா நாலு வீட்டுப் புள்ளைங்களும் அதுங்கிட்டதான் கெடக்கும். சின்னவளுக்கு இழுப்பு வந்தா எனக்கு முன்னாடி அதுக்குத்தான் தெரியும்." ஆயாவுக்கு வீடு கிடைக்கவில்லை, விழுப்புரத்துக்கே போய்விட்டார். "இப்போ இந்தக் கோட்ட என்னம்மா பண்றது?" என்று கேட்டுவிட்டு அவரே அதன்மேல் குறுக்காகக் கிழித்தார்.

அக்காவுக்கு வேலை இன்னும் ஜங்புராவில்தான். மூன்று வீடுகளில் வீட்டுவேலை செய்துகொண்டிருந்தவர், இப்போது ஒன்றில். காலை ஆறுக்குக் கிளம்பினால் திரும்ப இருட்டிவிடுகிறது. பெரியவன் தமிழ்ப் பள்ளியில் படித்தவன்; டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் (டி.டி.இ.ஏ.) பள்ளிகள் ஏழில் ஒன்றுகூட நரேலாவில் இல்லை. இந்தி மீடியத்தில் சேர்த்திருக்கிறார்கள், வாயே திறப்பதில்லையாம்.

ஆகஸ்ட் 29

களப்பணி அறிக்கை, வகுப்பு மேடத்திடமிருந்து திரும்பி வந்தது. "பக்கத்து வீட்டுக் கிழவி முறையான ஆதரவு அமைப்பு இல்லை, அங்கன்வாடியைச் சேர்" என்கிறார் மேடம். சேர்க்கிறேன். 1975-லிருந்து ஆறு வயது வரை சத்துணவும் முன்பருவக் கல்வியும் தருகிற திட்டம், குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அது பிற்பகலில் மூடிவிடும். அம்மா வருவது இருட்டிய பிறகு. நடுவே இருக்கிற நேரத்துக்கு யார்? கட்டடத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக 1969-ல் இதே டெல்லியில் மொபைல் கிரெஷஸ் என்ற பகல்நேரக் குழந்தைக் காப்பக அமைப்பு தொடங்கியதே அந்த வேலை நேரத்துக்காகத்தான். குடியேற்றத் திட்டம் போடுகிறவர்கள் வீட்டை எண்ணுகிறார்கள். யார் பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று எந்தப் படிவத்திலும் கேட்பதில்லை.

வரைபடத்திலிருந்து ஆயாவை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை கூடவே வருகிறேன் என்கிறார் மேடம். அக்காவைப் பிடிக்கணும்னா காலையில் ஆறுக்குள் அங்கே இருக்கணும் என்றேன். யோசித்துச் சொல்கிறாராம்.