மாடித் தளத்தில் ஆடிய கற்களை நிறுத்திய அனுபவம்

எங்கள் மொட்டை மாடியில் இருப்பவை 60 சென்டிமீட்டர் சதுரக் கான்கிரீட் கற்கள், 4 சென்டிமீட்டர் கனம். கலவை போட்டு ஒட்டியவை அல்ல. நீர்த்தடுப்புப் படலத்தின் மேல் பிளாஸ்டிக் தாங்கிகளை வைத்து, அவற்றின் மேல் சும்மா உட்காரவைத்தவை. சில வருடங்களில் ஆங்காங்கே ஆட ஆரம்பித்தன. முதலில் நடக்கும்போது 'டொக்' என்ற சத்தம் மட்டும்தான். அப்புறம் சுவரோரத்தில் ஒரு கல் பக்கத்துக் கல்லைவிட எழும்பி, கால் இடறும் அளவுக்கு வந்துவிட்டது.

பார்க்க வந்தவர்களில் ஒருவர் இடுக்குகளில் சிமென்ட் ஊற்றி இறுக்கிவிடலாம் என்றார். இன்னொருவர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதுக் கல் போடச் சொன்னார். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. இந்த வகைத் தளத்தில் இடுக்கு வேண்டுமென்றே விட்டது. மழைநீர் அதன் வழியாக இறங்கி, கீழே படலத்தின் வாட்டத்தில் ஓடி வடிகாலுக்குப் போகிறது. அடைத்தால் தண்ணீர் மேலேயே தேங்கும். வெயிலில் கல் விரியவும் இடம் இருக்காது. 10 மீட்டர் நீளக் கான்கிரீட், 30 டிகிரி வெப்பம் கூடினால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளும். அந்தத் தள்ளல் கைப்பிடிச் சுவரின் மேல்தான் விழும். புதுக் கல் யோசனையோ இன்னும் வேடிக்கை. பழைய கல் எதுவும் உடையவில்லை, வளையவும் இல்லை. அதே தாங்கியில் வைத்தால் புதுக் கல்லும் ஆடத்தானே செய்யும்?

பிரிப்பதற்கு முன்னால் சாக்பீஸோடு ஒரு சுற்று வந்தேன். ஒவ்வொரு கல்லின் நான்கு மூலையிலும் ஏறி நின்று, எந்த மூலை அமுங்குகிறதோ அங்கே ஒரு கோடு. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், ஆட்டம் கண்டபடி பரவியிருக்கவில்லை. சுவரோர வரிசை, வடிகால் வாயைச் சுற்றி ஒரு கூட்டம், மாடியின் குறுக்கே நேர்கோடாக ஒரு வரிசை. இந்தப் படம் கையில் இருந்ததால் தளம் முழுவதையும் பிரிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

ஒரு கல் சுமார் 34 கிலோ. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்கினோம். எடுத்த கற்களுக்கு எண் போட்டு, ஒரே இடத்தில் அடுக்காமல் சுவரோரமாகப் பரப்பி வைத்தோம். இதில் அலட்சியம் கூடாது. வீட்டு மாடிகள் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரையிலான பாரத்தைக் கணக்கில் வைத்தே கட்டப்படுகின்றன. நான்கு கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலே அந்த இடத்தில் சதுர மீட்டருக்கு 370 கிலோவைத் தாண்டிவிடும்.

கீழே பார்த்தபோது மூன்று இடத்துக்கும் மூன்று காரணம். நேர்கோட்டில் படலத்தின் இரண்டு துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஒட்டு. தாங்கியின் அடி பாதி ஒட்டின் மேலும் பாதி வெளியிலுமாக நின்று சாய்ந்திருந்தது. வடிகால் அருகே வாட்டம் பல பக்கத்திலிருந்தும் சரிவதால், தட்டைத் தலைத் தாங்கிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசைக்குக் கோணியிருந்தன. சுவரோரம்தான் மோசம். அங்கே வெட்டிப் போட்ட குறுகிய துண்டுகளுக்குத் தாங்கிக்குப் பதிலாக யாரோ சிமென்ட் உருண்டைகளை வைத்திருந்தார்கள். அவை நொறுங்கிப் பொடியாகி, பாதி வடிகால் வலையில் போய்ச் சேர்ந்திருந்தன. ஒரு கூரான துண்டு படலத்தையும் கீறியிருந்தது.

அந்தக் கீறலை நீர்த்தடுப்பு வேலை தெரிந்தவர் ஒட்டுப் போட்டுச் சரிசெய்தார். அதன் பிறகு வடிகாலை அடைத்து, தண்ணீர் கட்டி, ஒரு முழு நாள் விட்டுக் கீழே கசிகிறதா என்று பார்த்தோம். கல்லைத் திரும்பப் போட்ட பிறகு இந்தச் சோதனையைச் செய்து பயனில்லை. கசிந்தால் மறுபடியும் பிரிக்க வேண்டும்.

திரும்பப் பதிப்பதில் நேரம் போனது தாங்கிகளில்தான். ஒட்டின் மேல் நின்றவற்றை முழுதாக ஒரு பக்கம் நகர்த்த முடியவில்லை, கல்லின் மூலை எங்கே வருகிறதோ அங்கேதான் தாங்கி நிற்க வேண்டும். எனவே அந்த இடங்களிலும் வடிகாலைச் சுற்றியும் சாய்வுக்கேற்ப வளைந்துகொடுக்கும் தலையுள்ள தாங்கிகளை வாங்கினோம். நூல் கட்டி, ரசமட்டம் வைத்து, திருகி உயரம் சரிபார்த்தோம். அதற்குப் பின்னும் சில கற்கள் லேசாக ஆடின. நாலு கால் மேசை ஆடுவதும் இதே கணக்குதான்: மூன்று மூலை எப்படியும் உட்கார்ந்துவிடும், வம்பு செய்வது நாலாவது. இங்கே தாங்கியைத் திருகினால் வேலைக்கு ஆகாது. ஒரு தாங்கியின் தலையில் நான்கு கற்களின் மூலைகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றைச் சரிசெய்யப் போய் மற்ற மூன்றையும் கிளப்பிவிடுவோம். ஆடும் மூலைக்கு மட்டும் 1 அல்லது 2 மில்லிமீட்டர் ரப்பர் துண்டு வைப்பதே வழி. அதுவும் தலைக்கும் கல்லுக்கும் நடுவில். தாங்கியின் அடியில் செருகினால் நழுவும், படலத்தையும் அழுத்தும்.

மொத்தத் தளத்தையும் உயர்த்திவிட்டால் சுலபம் என்று ஒரு யோசனை வந்தது. தளம் உயர்ந்த அளவுக்குக் கைப்பிடிச் சுவரின் உயரம் குறைந்துபோகும் என்பதால் வேண்டாம் என்றேன்.

சுவரோரக் குறுகிய துண்டுகளைத் திரும்பப் போடவில்லை. கடைசி இரண்டு வரிசையையும் சேர்த்து அளந்து, இரண்டும் சம அகலமாக வரும்படி புதிதாக வெட்டினோம். வெட்டும் தூசி படலத்தில் விழாதபடி கீழே கொண்டுபோய்த்தான் வெட்டியது. சுவருக்கும் கல்லுக்கும் இடையே அமுங்கும் ரப்பர் துண்டுகளை வைத்தோம். இல்லையென்றால் வரிசை மெல்ல மெல்ல வெளிப்பக்கம் நகர்ந்து இடுக்குகள் விரிந்துவிடும். காற்று மேல்நோக்கி இழுப்பதும் மாடியின் ஓரத்திலும் மூலையிலும்தான் அதிகம், அங்கே குறுகிய, எடை குறைந்த துண்டுகள் இருப்பது நல்லதல்ல.

வெயில் காலம் ஒன்று கடந்த பிறகு மறுபடி எல்லாக் கற்களின் மேலும் நடந்து பார்த்தேன். வடிகால் பக்கம் மட்டும் ஒன்றிரண்டு லேசாக ஆடின. ரப்பர் துண்டு வைத்ததும் நின்றுவிட்டன. வடிகாலுக்கு நேர் மேலே உள்ள கல்லில் ஓரமாக ஒரு புள்ளி வைத்திருக்கிறேன், மழைக்கு முன் வலையைச் சுத்தம் செய்ய வருபவர் அந்த ஒரு கல்லை மட்டும் தூக்கினால் போதும்.