மாப்பிள்ளை போனில் போய் விழுந்த மெசேஜ்

தங்கைக்கு இப்போது ஏழாம் மாதம். முதலிலேயே ஊர் நர்ஸம்மா, கர்ப்பிணிகளைப் பதிகிற அரசு இணையதளமான பிக்மியில் பதிந்து 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணை அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டார், பிறப்புச் சான்றிதழ் வாங்க, கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துப் பணம் வாங்க, எல்லாவற்றுக்கும் அந்த எண்தான். சரி, கூடவே கொடுத்த போன் நம்பர் யாருடையது? மாப்பிள்ளையுடையது! அவர் திருப்பூரில், இவள் எங்கள் வீட்டில். ஊசி, ஸ்கேன் என்று எந்த மெசேஜ் வந்தாலும் அவர் ஷிப்ட் முடிந்து ராத்திரி பத்தரைக்குப் பார்த்து, மறுநாள் ஞாபகம் வந்தால் சொல்வார். ஒரு ஊசி இப்படித்தான் பத்து நாள் தள்ளிப்போனது. பெண்ணின் வயிற்றைப் பற்றிய சேதி ஆணின் போனுக்குப் போவது என்ன கணக்கோ.

நிஜமாகவே உதவியது வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்தான். போன வாரம் காலையிலிருந்தே தலைவலி, கால் வேறு வீங்கியிருக்கிறது என்று நர்ஸம்மாவுக்குப் பேசி அனுப்பினாள். இரண்டே நிமிடத்தில் பதில்: "மாத்திரை எதுவும் போடாத கண்ணு, உடனே கிளம்பி வா." போய்ப் பார்த்தால் பிரஷர் 150/100. 140/90 தொட்டாலே கர்ப்பத்தில் கவனிக்க வேண்டிய அளவாம். இப்போது மாத்திரை, வாரம் ஒரு பரிசோதனை, அப்புறம் ராத்திரி சாப்பிட்டதும் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, போனில் மணி பார்த்துக் குழந்தையின் அசைவை எண்ணுகிறாள்.

நம்பரையும் மாற்றியாச்சு. தனக்கு ஒன்றுமே வருவதில்லையே என்று மாப்பிள்ளைக்குத்தான் வருத்தம்.