வடக்குச் சுவர்

அக்டோபர் 6, ஞாயிறு

சாவி கைக்கு வந்துவிட்டது. விற்பனைக்கு வரும் வீடுகளை, வாங்க வருகிறவர்கள் பார்ப்பதற்காக ஜோடித்துக் கொடுப்பது என் தொழில். இது ஆறாவது வீடு. இதுவரை செய்த ஐந்தையும் சேர்த்தால்கூட இதில் பாதி வராது. குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கு மேலே, ஏழு அறை, நான்கு கணப்பு, பின்பக்கம் மலையை வெட்டி இறக்கிய மேடு. வீட்டுச் சொந்தக்காரர் டீச்சரம்மா சாவிக்கொத்தைக் கொடுக்கும்போது அதிலிருந்து ஒரு சின்னச் சாவியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். எதனுடையது என்று நான் கேட்கவில்லை.

சாப்பாட்டு அறையில் வடக்குச் சுவர் இடுப்பளவுக்கு ஓதம்.

அக்டோபர் 7, திங்கள்

காலை ஏழுக்கே போய் உட்கார்ந்து, எந்த அறைக்கு எப்போது வெயில் வருகிறது என்று குறித்தேன். முன்கூடம் 7.20 முதல் 9.40 வரை. மாடிப்படி ஜன்னல் பத்து மணிக்கு. பெரிய படுக்கையறை 10.30க்கு மேல். ஒன்றரைக்கெல்லாம் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறிவிட்டது. இரண்டு மணிக்கு விளக்குப் போடாமல் எதுவும் தெரியவில்லை. ஆகவே பார்க்க வருகிறவர்களை ஒன்பதுக்கும் பதினொன்றரைக்கும் நடுவில்தான் கூட்டி வர வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு வீட்டை எந்த நேரத்திலும் காட்டிவிடலாம். குன்னூரில் அதே வீடு காலையில் ஒன்று, சாயங்காலம் வேறொன்று.

சாப்பாட்டு அறைக்கு வெயிலே கிடையாது.

அக்டோபர் 9, புதன்

டீச்சரம்மாவோடு அலமாரிகள். மகன் வீட்டுக்குப் போவது ஒரு குவியல், யாருக்காவது கொடுப்பது ஒன்று, இங்கேயே இருப்பது ஒன்று. மூன்றாவது குவியலைச் சின்னதாக வைத்திருப்பதுதான் என் வேலை. ஸ்வெட்டர் மட்டும் முப்பத்து நான்கு, எல்லாம் அவரே பின்னியவை. ஒவ்வொன்றையும் விரித்து, கழுத்துப் பட்டையைத் தடவிப் பார்த்து, திரும்ப மடிக்கிறார். மூன்றில் பூஞ்சை, சாம்பல் நிறத்தில் வட்டம் வட்டமாக. அந்த மூன்றும் வடக்குச் சுவரை ஒட்டிய டிரங்குப் பெட்டியில் இருந்தவை.

"படங்களையும் எடுக்கணுமா கண்ணு?"

"எடுக்கணும் டீச்சர். வர்றவங்க உங்க குடும்பத்தையே பாத்துட்டு நிப்பாங்க. தங்களோட குடும்பம் எங்க உக்காரும்னு யோசிக்க மாட்டாங்க."

எத்தனையோ தடவை சொன்ன வாக்கியம். இன்று சொல்லும்போது தொண்டை அடைத்தது. மாலை போட்ட படத்தை மட்டும் அவரே இறக்கி, முந்தானையால் துடைத்து, யாரிடமும் கொடுக்காமல் கார் வரைக்கும் எடுத்துப்போனார்.

படங்கள் இருந்த இடமெல்லாம் வெளுத்த சதுரங்கள். கூடத்துக்குப் பெயின்ட் அடித்தே ஆக வேண்டும். இன்னும் 14,000.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. டிரில்லிங் மிஷின், ஸ்டீமர், ஏணி, டேப், ஈரம் அளக்கும் ஈரமானி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பாப்பா ஈரமானியின் கண்ணாடி மேலேயே பொட்டு வைத்துவிட்டாள். எண் தெரியவில்லை. துடைக்க மனம் வரவில்லை, இன்று ஒரு நாள் இருக்கட்டும்.

அக்டோபர் 15, செவ்வாய்

வங்கி. முத்ரா கடன் திட்டத்தில் கிஷோர் பிரிவு, 50,000க்கு மேல் 5 லட்சம் வரை. சிறு தொழிலுக்கான உத்யம் பதிவுச் சான்றிதழைக் கொடுத்தேன். "இன்டீரியர் டெக்கரேஷன்தானே?" என்றார் அதிகாரி. இன்டீரியர் வேலை குடியிருப்பவருக்குச் செய்வது சார், நான் இன்னும் வராதவருக்குச் செய்கிறேன் என்றேன். சோபா, கட்டில், விளக்கு, திரை எல்லாம் என்னுடையவை. வீடு விற்கும் வரை வாடகைக்கு நிற்கும். விற்றதும் குடோனுக்குத் திரும்பி அடுத்த வீட்டுக்குப் போகும். ஒரு சோபா எட்டு வீடு ஏறி இறங்கினால்தான் போட்ட காசு வரும். பார்ப் ஷ்வார்ட்ஸ் என்ற அம்மா 1972இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இதைத் தொடங்கினார், நாடக மேடையை ஜோடிப்பது போல வீட்டை ஜோடிக்கலாம் என்று, அதனால்தான் ஸ்டேஜிங் என்ற பெயர் என்றும் சொன்னேன். அதிகாரி பேனாவை மூடிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். உண்மையாகவே கேட்டார். கொட்டேஷன்களோடு திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

சங்கிலி இன்னும் அடகில்தான். வெற்றுக் கழுத்தை அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

அக்டோபர் 16, புதன்

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

புரோக்கர் வந்தார். வடக்குச் சுவரைப் பார்த்த உடனே, "ஒரு பிளைவுட் பேனல் அடிச்சு வால்பேப்பர் ஒட்டிடுங்க மேடம். பத்தாயிரம்கூட ஆகாது. ரிஜிஸ்ட்ரேஷன் வரைக்கும் தாங்கினா போதும்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவர் மகள் கல்லூரியில் படிக்கிறாள், இந்த வீட்டுக் கமிஷனை நம்பி ஃபீஸ் கட்டக் காத்திருக்கிறார்.

பெயின்டர் அண்ணன் விரல் முட்டியால் தட்டினார். ஒரு இடத்தில் கெட்டிச் சத்தம், ஒரு சாண் தள்ளி டொப்பென்று பொள்ளல். வண்டிச் சாவியால் சுரண்டினார். பெயின்ட் தோலாக உரிந்து வந்தது. அதன் அடியில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது, பஞ்சுபோல. ஊதினால் பறந்தது.

"இது சுண்ணாம்புக் காரைச் சுவரும்மா. பின்னாடி யாரோ வெளிப்பக்கம் சிமென்ட் பூசி, உள்ள பிளாஸ்டிக் எமல்ஷன் அடிச்சிருக்காங்க. சுண்ணாம்பு மூச்சு விடும், சிமென்ட் விடாது. மேட்டுத் தண்ணி உள்ள போயி, வெளிய வர வழியில்லாம நிக்குது."

பின்கதவு பூட்டியிருந்தது. பக்கத்துத் தோட்டம் வழியாக ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். மேட்டு மண் சரிந்து சரிந்து, இப்போது வீட்டுத் தரையைவிட ஒன்றரை அடி உயரத்தில் சுவரில் சாய்ந்து கிடக்கிறதாம். மண்ணை வெட்டி எடுத்து, கல் வைத்து வடிகால் போட்டு, சிமென்டை உடைத்துவிட்டு மறுபடியும் சுண்ணாம்பு பூச வேண்டும். ஜனவரியில் ஆரம்பித்தால் கோடை மழைக்குள் சுவர் காயும். இரண்டரை லட்சம் ஆகலாம். இப்போது தொட முடியாது. குன்னூருக்கு ஐப்பசி, கார்த்திகைதான் பெருமழை. இந்த மழையில் மேட்டில் கடப்பாரை போட்டால் மேடே இறங்கிவிடும்.

ஆக சுவரைச் சரிசெய்ய முடியாது. மறைக்கலாம், அல்லது அப்படியே விடலாம்.

கல்யாணமாகி முதலில் குடிபோன வீட்டில், வீட்டுச் சொந்தக்காரர் ஒரு பெரிய பீரோவை அன்பளிப்பு மாதிரி விட்டுப்போயிருந்தார். நாங்கள் சந்தோஷப்பட்டோம். பாப்பாவுக்கு ஒன்றரை வயதில் இரைப்பு தொடங்கியது. ராத்திரி ராத்திரி மருத்துவமனை. நாலு மாதம் கழித்து ஒரு நாள் பீரோவை நகர்த்தினோம். சுவர் முழுக்கக் கறுப்பு. அவள் தொட்டில் அந்தப் பீரோவை ஒட்டித்தான் கட்டியிருந்தது.

பேனல் அடிக்க மாட்டேன் என்று புரோக்கரிடம் சொல்லிவிட்டேன். "அப்ப பொங்கலுக்கும் இந்த வீடு விக்காது மேடம்" என்றார். மூன்று மாதத்துக்குத்தான் என் கட்டணம் பேசியிருக்கிறது, 85,000. அதற்கு மேல் மாதம் 12,000 டீச்சரம்மா தர வேண்டும். அவரிடம் எப்படிக் கேட்பேன்?

அக்டோபர் 17, வியாழன்

ஈரமானி 88.

அக்டோபர் 18, வெள்ளி

டீச்சரம்மாவிடம் சொன்னேன். வீடு அவருடையது, முடிவும் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். டீ ஆறும் வரை பேசவில்லை. வர்க்கியை உடைத்துக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"விலை குறையுமே கண்ணு."

"குறையும் டீச்சர்."

அப்புறம் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். "நாங்க வாங்கினப்பவும் அந்த இடத்துல ஒரு அலமாரி இருந்துச்சு."

போகும்போது அந்தச் சின்னச் சாவியைக் கொடுத்தார். பின்கதவு.

அக்டோபர் 22, செவ்வாய்

அருவங்காட்டுக் குடோனிலிருந்து சாமான் இறக்கினோம். இரண்டு பிக்கப் நடை. பாதையின் கடைசித் திருப்பத்தில் வண்டி ஏறவில்லை, அங்கிருந்து தலைச்சுமை. நடு வழியில் மழை. தார்ப்பாய் ஒன்றுதான் இருந்தது, மெத்தைக்குப் போட்டோம். சோபாவின் இடது கை நனைந்துவிட்டது. ராத்திரி பதினொன்று வரை ஹேர் டிரையரால் காய வைத்தேன்.

சுமைக்கூலி நினைத்ததைவிட 3,200 அதிகம். அடுத்த ஒப்பந்தத்திலிருந்து "வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாசல் வரை" என்று தனி வரி போட வேண்டும். மலையில் இந்த வரி இல்லாமல் யாரும் இந்தத் தொழில் செய்யவே கூடாது.

ஈரத்தில் ஊதி மூன்று கதவுகள் சாத்த மாட்டேன் என்கின்றன. இழைத்துவிடவா என்று ஆசாரி கேட்டார். வேண்டாம் என்றேன். ஜனவரிப் பனியில் மரம் சுருங்கும், அப்போது விரல் நுழையும் அளவுக்குச் சந்து விழும்.

அக்டோபர் 24, வியாழன்

வீடு கண் திறந்துவிட்டது!

வெள்ளை எல்இடி எல்லாவற்றையும் கழற்றி 2700 கெல்வின் மஞ்சள் பல்பு. மஞ்சு நாளில் வெள்ளை வெளிச்சம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். திரைக்கம்பியை ஜன்னல் விளிம்பிலிருந்து ஓரடி ஏற்றினோம், கூரை உயர்ந்துவிட்டது போல இருக்கிறது. சோபாவைச் சுவரை விட்டு முன்னால் இழுத்துக் கணப்பைப் பார்க்க வைத்தேன். தங்கச்சி கணப்பில் சீகை விறகு மூட்டினாள், புகை முழுக்க உள்ளே திரும்பியது. புகைபோக்கிக்குள் பழைய பறவைக்கூடு. எடுத்த பிறகு நன்றாக இழுக்கிறது.

தோடர் பூவேலைத் துணி ஒன்று, வெள்ளையில் சிவப்பும் கறுப்பும், மந்தில் (தோடர் குடியிருப்பில்) ஒரு அக்காவிடம் நேரில் வாங்கியது. 2013இல் புவிசார் குறியீடு கிடைத்த வேலைப்பாடு. தோடரின் பூத்குளிச் சால்வையை வெட்டித் தலையணை உறை தைக்கிறார்கள் சில இடங்களில். இறந்தவரைப் போர்த்தி அனுப்பும் துணி அது. நான் செய்ய மாட்டேன். விற்பதற்கென்றே பூவேலை செய்த சின்ன விரிப்பு, அதுவும் சுவரில்தான்.

சாப்பாட்டு அறையில் மேசையும் ஆறு நாற்காலியும் மட்டும். வடக்குச் சுவரிலிருந்து நான்கடி தள்ளி. சுவரில் ஒன்றுமில்லை.

காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் ஓடத் தொடங்கியது. ஒரு நாளில் மூன்று தொட்டித் தண்ணீர்.

அக்டோபர் 25, வெள்ளி

போட்டோ. 7.20 வெயிலுக்கு 6.45க்கே நின்றோம். வந்தது, பன்னிரண்டு நிமிடம். போதும். முப்பத்தொரு படம், அதில் வடக்குச் சுவர் இரண்டு.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. டீச்சரம்மா கோவையிலிருந்து போன் செய்தார். "அங்க குளிரா?" என்றார்.

நவம்பர் 3, ஞாயிறு

யாரும் கூப்பிடவில்லை.

நவம்பர் 4, திங்கள்

கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பதி. தாத்தா வீட்டை ஹோம்ஸ்டேவாக்க வேண்டுமாம், வந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்றார்கள். பார்த்துச் சொல்ல 3,000 என்றேன். போன வருடம் வரை சும்மா போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், அவர்கள் நான் சொன்னதைத் தாங்களே செய்துகொண்டார்கள். இன்று சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. சரி என்றார்கள்.

ஈரமானி 79.

நவம்பர் 6, புதன்

புரோக்கர் படங்களில் வடக்குச் சுவர் இரண்டையும் எடுத்துவிட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறார். கண்டுபிடித்ததும் கை நடுங்கியது. கத்திவிட்டேன். பிறகு அவர் மகள் ஞாபகம் வந்தது. சாயங்காலம் அவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசினேன். திரும்பச் சேர்த்து அனுப்புவதாகச் சொன்னார். அவர் மனைவி இஞ்சி டீ கொடுத்தார்.

நவம்பர் 9, சனி

பெங்களூருவிலிருந்து வந்தார்கள். கணவன், மனைவி, மூன்று வயதுப் பையன். ஒன்பதரைக்கு வர வேண்டியவர்கள். நீலகிரிக்குள் வருவதற்கான இ-பாஸ் எடுக்காமல் வந்து செக்போஸ்ட்டில் நின்று எடுத்து, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களையும் அங்கேயே கொடுத்துவிட்டு, 11.40க்கு வந்தார்கள். வெயில் போய்விட்டது. கணப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

அந்தப் பெண் நேராகச் சாப்பாட்டு அறைக்குத்தான் போனார். உள்ளங்கையை வடக்குச் சுவரில் வைத்து, எடுத்து, விரல்களை முகர்ந்து பார்த்தார். மேசை மேல் நான் தாள் வைத்திருந்தேன். காரணம், பின்மேட்டின் படம், பெயின்டர் அண்ணன் சொன்ன வேலைகள், எந்த மாதம், எவ்வளவு. கணவர் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடியும் படித்தார்.

"இத எதுக்கு எங்ககிட்ட காட்டறீங்க?" என்றார் அந்தப் பெண். "பையன் எங்க தூங்குவான்னு நீங்க முடிவு பண்ணணும்ல" என்றேன். அதற்குள் அவன் சோபாவில் தூங்கியிருந்தான், நனைந்து காய்ந்த இடது கையில் தலை வைத்து.

ஐம்பது நிமிடம் இருந்தார்கள்.

நவம்பர் 12, செவ்வாய்

ஆறு லட்சம் குறைத்துக் கேட்கிறார்களாம். புரோக்கர் வேறு எதுவும் சொல்லவில்லை, அது அவருடைய பெரிய மனது.

நவம்பர் 13, புதன்

டீச்சரம்மா யோசிக்கிறேன் என்றார்.

நவம்பர் 16, சனி

இன்னும் யோசிக்கிறார். நான் எதுவும் சொல்லக் கூடாது. குறைந்தால் அவருக்கு நஷ்டம், நீண்டால் எனக்கு மாத வாடகை. இந்த இரண்டும் என் நாக்கில் கலந்துவிடக் கூடாது.

ஈரமானி 71. இதுவரை வந்ததில் குறைவு.

நவம்பர் 19, செவ்வாய்

மூன்றரை லட்சம் குறைக்க ஒத்துக்கொள்கிறேன், மேட்டை அவர்களே வெட்டிக்கொள்ளட்டும் என்கிறார் டீச்சரம்மா. பெங்களூருக்குச் சொல்லியாகிவிட்டது. நாளை எட்டு மணிக்கு ஒரு இன்ஜினியரைக் கூட்டி வருகிறார்களாம், பின்பக்கம் பார்க்க. தொட்டித் தண்ணீரைக் கொட்ட வேண்டும். ஏழரைக்கே கணப்பு. பின்கதவுத் தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிடக்கிறது, தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறேன், அந்தச் சின்னச் சாவி